மடிப்புக்குள் பதினொரு வரி

தலைப்புக்கும் முதல் வரிக்கும் நடுவே எவ்வளவு இடம் விட வேண்டும் என்று பெரும்பாலானவர்கள் யோசிப்பதே இல்லை. நீங்கள் கொடுத்த இந்தத் தாளையே பாருங்கள், ஐயா. 'வாக்குமூலம்' என்ற சொல் மேல் ஓரத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது. அதற்குக் கீழே மூன்று விரல் அகலத்துக்கு வெறும் வெள்ளை. பிறகு வரும் கோடுகளும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கின்றன; நகல் எடுத்தவர் தாளைக் கோணலாக வைத்திருக்கிறார். இடது மூலையில் யாரோ டீ கிளாஸ் வைத்த வட்டம். இதில் எழுதக் கை கூசியது. அதனால்தான் கணினி கேட்டேன். கொடுத்ததற்கு நன்றி. விசைகளுக்கு நடுவே பிஸ்கட் துகள் இருந்தது, துடைத்துவிட்டேன்.

என் வேலை கையேட்டுப் பக்கங்கள் செய்வது. எங்கள் நிறுவனம் பழைய அட்டைப் பெட்டிகளை அமுக்கிப் பொதி கட்டும் இயந்திரங்களைத் தயாரிக்கிறது. தொழிலாளிகள் அதை 'பிரஸ்' என்பார்கள். ஆள் உயரத்துக்கும் மேலான இரும்புப் பெட்டி அது. உள்ளே அட்டையைப் போட்டுக் கதவைச் சாத்தினால், மேலிருந்து எண்ணெய் அழுத்தத்தில் கனத்த தட்டு ஒன்று இறங்கி அமுக்கும். அதை எப்படி இயக்குவது, அட்டை சிக்கினால் எப்படி எடுப்பது என்று சொல்லும் இணையதளம் என் பொறுப்பு. அதில் ஒவ்வொரு பக்கமும் வெறும் எழுத்துக் கோப்புதான். கோப்பின் தலையில் பக்கத்தின் தலைப்பு, வரிசை எண், எழுதியவர் பெயர். அதற்குக் கீழே விஷயம். ஒரு கட்டளை கொடுத்தால் எல்லாக் கோப்புகளும் ஒரே தோற்றத்தில் தளமாகிவிடும். அந்தத் தோற்றத்துக்குத் 'தீம்' என்று பேர். எழுத்தின் அளவு, பட்டியலின் எண், ஓரத்து இடைவெளி எல்லாவற்றையும் தீம் பார்த்துக்கொள்ளும். குறிப்பு என்றால் நீலப் பெட்டி. எச்சரிக்கை என்றால் சிவப்புப் பெட்டி. இவை போக, மடிப்பு என்று ஒன்று உண்டு. 'மேலும் விவரம்' என்ற ஒற்றை வரி மட்டும் தெரியும், தொட்டால் விரியும். மடிப்பைப் போல நாகரிகமான ஏற்பாடு வேறு கிடையாது. எதையும் அழிக்க வேண்டாம், எதையும் பார்க்கவும் வேண்டாம்.

இந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தவர் என் மச்சான். மனைவியின் அண்ணன். அதே நிறுவனத்தில் இருபத்திரண்டு வருடமாக மெக்கானிக். என்னை நன்றி கெட்டவன் என்று நினைத்துவிடாதீர்கள். அவருடைய நல்ல மனசை நான் எங்கேயும் மறுத்ததில்லை. எனக்குத் தாங்காதது அவருடைய கை. நகக் கண்ணில் எப்போதும் கறுப்பு. பேசிக்கொண்டே காதைக் குடைவார், அதே விரலை எச்சிலில் தொட்டு என் மேசையில் இருக்கும் தாளைப் புரட்டுவார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தால் கை துடைக்க என் துண்டைத்தான் எடுப்பார். அவர் போன பிறகு அதை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு போய்த் தனி வாளியில் ஊறப்போடுவேன். மனைவி பார்த்துச் சிரிப்பாள். "எங்க அண்ணன் என்ன, சாக்கடையில இருந்தா வர்றாரு?" என்பாள். நானும் சிரிப்பேன்.

பக்கங்களுக்கான விஷயம் அவரிடமிருந்துதான் வரும். பழைய நோட்டில் கிறுக்கிக் கொண்டுவருவார்; நான் கோப்பாக்குவேன். 'சிக்கிய அட்டையை எடுப்பது எப்படி' என்ற பக்கமும் அப்படி வந்ததுதான். ஏழு படிகள். மூன்றாவது படிக்கும் நான்காவது படிக்கும் நடுவில் பெரிதாகக் கட்டம் போட்டு, உள்ளே பதினொரு வரி எழுதியிருந்தார். சில வரிகளை அப்படியே தருகிறேன். அவற்றை எனக்கு மனப்பாடமாகவே தெரியும்.

"சுவிட்ச ஆஃப் பண்ணிட்டோம், தட்டு செத்துப்போச்சுன்னு நெனைக்காதீங்க. அது தூங்குது. எண்ணெயில அழுத்தம் இருக்கற வரைக்கும் எப்ப வேணா எந்திரிச்சு கீழ வரும். வலது பக்கம் செவப்புக் கைப்பிடி இருக்கு, அதத் திருப்பி அழுத்தத்த எறக்குங்க. மீட்டர் முள்ளு பூஜ்யத்துல படுத்த பிறகுதான் கைய உள்ள விடணும்."

ஒவ்வொரு வரிக்கும் பின்னால் மூன்று ஆச்சரியக்குறி. நடுவில் ஒரு எண்ணெய்க் கட்டைவிரல் அடையாளம். தட்டு தூங்குகிறதாம். ஒரு கையேட்டில் இரும்பு தூங்குமா? "இதத் திருத்தாதீங்க மாப்பிள்ளை, இப்படிச் சொன்னாதான் அவங்க மண்டையில ஏறும்" என்று என் நாற்காலிக்குப் பின்னாலேயே நின்றார். அவர் மூச்சு என் கழுத்தில் பட்டது. அவர் சொன்னபடியே சிவப்புப் பெட்டியில் போட்டேன்.

நான்கு மாதம் அந்தப் பக்கம் அப்படியே தளத்தில் இருந்தது. ஐயா, பட்டியலுக்கு நடுவே ஒரு பெட்டியை வைத்தால் என்ன ஆகும் தெரியுமா? பட்டியல் அங்கேயே அறுந்துவிடும். பெட்டிக்குக் கீழே நான்கு என்று வர வேண்டிய எண் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். ஒன்று, இரண்டு, மூன்று, நடுவில் சிவப்பாக ஒரு கட்டி, திரும்ப ஒன்று, இரண்டு. ஒவ்வொரு தடவையும் அதைத் திறந்ததும் உடனே மூடிவிடுவேன். சாப்பாட்டில் முடி கிடந்தது போல. இதைச் சொன்னால் எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் புரியாது. உங்களுக்கும் புரிய வேண்டிய அவசியமில்லை.

பெட்டியை நான்கு இடைவெளி உள்ளே தள்ளி வைத்தால் எண் அறுபடாது. இது எனக்கு அன்றைக்கே தெரியும். நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். ஆனால் உள்ளே தள்ளினால் பெட்டியின் இடது ஓரம் மற்ற பெட்டிகளோடு நேராக நிற்காது. நூற்று நாற்பது பக்கங்களில் எல்லாப் பெட்டிகளும் ஒரே நேர்கோட்டில் நிற்க, இது ஒன்று மட்டும் துருத்திக்கொண்டிருக்கும்.

அந்தச் சமயத்தில்தான் மேலாளர் கூப்பிட்டார். அட்டைக் கிடங்குகளில் இந்தப் பக்கத்தை அச்செடுத்துப் பிரஸ் பக்கத்தில் தொங்கவிடுகிறார்கள். அது ஒரு தாளும் கொஞ்சமும் வருகிறது. "ஒரே தாள்ல வந்தா நல்லா இருக்கும். எதையும் விட்டுடாம பாத்துக்குங்க" என்றார். சரி என்றேன். பதினொரு வரியையும் ஓர் எழுத்து குறையாமல் தூக்கி, பக்கத்தின் அடியில் மடிப்புக்குள் வைத்தேன். பட்டியல் ஒன்றிலிருந்து ஏழு வரை தெளிந்த தண்ணீராக ஓடியது. எழுதியவர் பெயர் இருந்த இடத்தில் மச்சானின் பெயரை அப்படியே விட்டேன். அவர் எழுதியதுதானே. அடுத்தவர் உழைப்பில் பேர் வாங்குகிறவன் அல்ல நான்.

அச்செடுத்தால் மடிப்பு விரியாது. 'மேலும் விவரம்' என்ற வரி மட்டும் தாளில் வந்தது. தாளில் அதை யார் தொட முடியும்? பார்க்கக் கேலிக்கூத்தாக இருந்தது. அதனால் அச்சுக்கான அமைப்பில் ஒரே ஒரு வரி சேர்த்து, தாளில் அதுவும் வராமல் செய்தேன். இப்போது சரியாக ஒரு தாள். நான்கு பக்கமும் ஒரே அளவு வெள்ளை. மேலாளர் அதைக் கையில் பிடித்துப் பார்த்து, "இது கையேடு" என்றார். "எதுவும் விட்டுப் போகலையே?" என்று கேட்டார். "ஒரு எழுத்துகூடப் போகல சார்" என்றேன். அது உண்மை. இன்றைக்கும் நீங்கள் கோப்பைத் திறந்து எண்ணிப் பார்க்கலாம்.

இரண்டு வாரம் கழித்து மச்சான் சாப்பிட வந்தார். கை கழுவாமல் உட்கார்ந்தார்.

"மாப்பிள்ளை, கிடங்குல தொங்குற தாள்ல நம்ம 'தூங்குது' இல்லையே?"

"இருக்கு மச்சான். அடியில மடிப்புல இருக்கு."

"தாள மடிச்சா வெச்சிருக்காங்க?"

"தாள்ல இல்ல, தளத்துல. தொட்டா விரியும்."

"அங்க எவன் தொடப்போறான்? அங்க தொட்டா அழுக்குதான் ஒட்டும்." வாயில் சோற்றோடு சிரித்தார். ஒரு பருக்கை என் தட்டின் ஓரத்தில் வந்து விழுந்தது. "முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்காதீங்க. மேல எடுத்து வைங்க, என்ன?"

"பாக்கறேன் மச்சான்."

பாக்கறேன் என்றால் செய்கிறேன் என்று அவர் எடுத்துக்கொண்டார். நான் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தேன். மறுநாள் அலுவலகத்தில் பார்த்தேன். பக்கம் நன்றாக இருந்தது.

அதற்கு ஒரு மாதம் கழித்து, கிடங்குகளில் தாள்கள் கிழியாமல் இருக்கின்றனவா என்று பார்த்துவர என்னை அனுப்பினார்கள். நான் போன கிடங்கு உங்களுக்குத் தெரியும். நீங்கள் போயிருக்கிறீர்கள். நாற்றம் உங்களுக்கும் நினைவிருக்கும்: ஊறிப்போன அட்டை, புளித்த பால், எலிப் புழுக்கை. தரையில் ஏதோ பிசுபிசுப்பு, ஒவ்வொரு அடிக்கும் செருப்பு உரிந்து வந்தது. நான் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டேன். அங்கே பிரஸ்ஸைப் பார்த்துக்கொண்டவர் ஐம்பது வயதுப் பெண்மணி. எல்லாரும் மேஸ்திரியம்மா என்றார்கள். என்னைக் கண்டதும் முந்தானையால் ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை.

என் தாள் பிளாஸ்டிக் உறையில் ஆணியில் தொங்கியது. உறையின் வாய் கிழிந்திருந்தது. மூன்றாவது படிக்கும் நான்காவது படிக்கும் நடுவில் இருந்த அந்த மெல்லிய வெள்ளையில், நீலப் பேனாவால், எறும்பு ஊர்வது போல ஏதோ எழுதியிருந்தது. 'தட்டு துங்குது சாவல. செவப்பு புடி திருப்பு.' துங்குது. நெடில்கூடச் சரியாக வரவில்லை. பக்கத்தில் ஒரு விரல் கறை.

"இது யாரு எழுதினது?"

"நான்தான் சார். மெக்கானிக் அண்ணன் வாயாலயே சொல்லிக் குடுத்தாரு. தாள்ல இல்ல, அதான் எழுதி வெச்சேன். நான் இல்லாதப்ப வேற யாராச்சும் வந்து நின்னா?" என்றார். "தப்பா எழுதிட்டனா?"

"எழுத்துப் பிழை இருக்கு."

"நமக்கு வர்றது அவ்வளவுதான். நீங்க நல்லா அடிச்சுக் குடுத்துருங்களேன்."

பிறகு அவராகவே, எனக்கு விளங்கவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, செய்து காட்டினார். சுவிட்சை அணைத்தார். பச்சை விளக்கு அணைந்தது. கதவைத் திறந்து ஒரு காலிப் பெட்டியை உள்ளே வைத்தார். "இப்ப பாருங்க சார். செத்த மாதிரியே கெடக்கும்." நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அது என் பழக்கம். முப்பத்தெட்டாவது நொடியில் தட்டு சத்தமே இல்லாமல் இறங்கியது. பெட்டி அப்பளமாகிவிட்டது. மேஸ்திரியம்மா என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "முழிச்சிக்கிச்சு," என்றார்.

அவர் எனக்குத் தண்ணீர் கொண்டுவரப் போனார். அந்த டம்ளரில் குடிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். அவர் திரும்பி வருவதற்குள் பழைய தாளைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, கொண்டுபோயிருந்த புதுத் தாளை மாட்டினேன். நான்கு ஓரமும் சூட்டில் ஒட்டிய கெட்டி உறை. பேனா அதில் பிடிக்காது. அதற்காகவே அப்படிச் செய்யச் சொல்லியிருந்தேன்.

"எழுதினத சேத்துட்டீங்களா சார்?" என்று கேட்டார்.

"எல்லாம் இருக்கு," என்றேன்.

பழைய தாளை நான் எறியவில்லை. வருடக் கடைசியில் அலுவலகத்தில் எங்கள் வேலையை எடுத்துக் காட்ட வேண்டும். முன்னால் இப்படி, பின்னால் இப்படி என்று இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யாருக்கும் விளங்கும். வீட்டுக்கு வந்து மூன்று முறை சோப்புப் போட்டுக் கை கழுவினேன். தாளை மேசை இழுப்பறையில் வைத்தேன்.

ஒன்பது நாள் கழித்து மேஸ்திரியம்மா மகளின் பிரசவத்துக்காக லீவில் போனார். அவர் இடத்தில் நின்ற பெண் வேலைக்குச் சேர்ந்து மூன்றே நாள். முப்பத்தாறு வயது. பேர் தெரிவதற்குள் எல்லாரும் 'புதுசு' என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். எட்டாவது வரை படித்தவளாம். அந்தக் கிடங்கில் சரளமாக வாசிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான், அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டாம். அட்டை சிக்கியதும் பக்கத்தில் இருந்தவர்கள் மெக்கானிக்குக்கு போன் போடலாம் என்றிருக்கிறார்கள். "எதுக்கு? எல்லாந்தான் எழுதியிருக்கே," என்று சொல்லி, தாளில் விரல் வைத்து ஒவ்வொரு படியையும் சத்தமாக வாசித்து, வாசித்தபடியே செய்திருக்கிறாள். ஒன்று, சுவிட்சை அணைக்கவும். இரண்டு, பச்சை விளக்கு அணையும்வரை காத்திருக்கவும். மூன்று, கதவைத் திறக்கவும். நான்கு, சிக்கிய அட்டையைக் கையால் வெளியே இழுக்கவும்.

அட்டை கெட்டியாகச் சிக்கியிருந்தது. இழுக்க நேரம் எடுத்திருக்கிறது. தோள் வரை உள்ளே விட்டு, தலையையும் உள்ளே நுழைத்திருக்கிறாள். சாட்சிகள் உங்களிடம் சொன்னதை நீங்கள் எனக்குப் படித்துக் காட்டினீர்கள். நான் கண்ணை மூடிக்கொண்டது அதற்காக அல்ல. நீங்கள் படிக்கும்போது வெற்றிலைச் சாறு தாளில் தெறித்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இத்தனை வருடத்தில் என் பக்கத்தை வரிசை மாறாமல், ஒரு சொல் விடாமல் வாசித்தவள் அவள் ஒருத்திதான்.

கோப்பின் தலையில் மச்சானின் பெயர் இருந்ததால் நீங்கள் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். இரண்டு நாள் இதே அறையில் உட்கார்ந்திருந்தார். "நான் எழுதினேன் சார், எழுதினேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். அச்சடித்த தாளை நீங்கள் காட்டியதும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். மடிப்பைப் பற்றி அவர் ஏன் சொல்லவில்லை என்று நீங்கள் என்னிடம் கேட்டீர்கள். அது எனக்கும் தெரியவில்லை. தங்கையின் புருஷன் என்று நினைத்திருக்கலாம். அந்த இரண்டு நாளும் நான் அலுவலகம் போனேன், வேலை செய்தேன். யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

என் மனைவி அண்ணனுக்காக வக்கீல் கேட்ட ஏதோ காகிதத்தைத் தேடியபோது என் இழுப்பறையைத் திறந்திருக்கிறாள். நான் வீட்டுக்கு வந்தபோது சாப்பாட்டு மேசையில், நான் சாப்பிடும் தட்டின் மேல் அந்தக் கறை பிடித்த தாள் கிடந்தது. தட்டை மாற்றச் சொன்னேன். அவள் தாளில் இருந்த நீலப் பேனா எழுத்தின் மேல் விரல் வைத்தாள்.

"தூங்குதுன்னு எங்க அண்ணன் மட்டுந்தான் சொல்லுவாரு. இது எப்படி உங்ககிட்ட வந்துச்சு?"

சொன்னேன். இப்போது உங்களுக்குச் சொன்னதைப் போலவே, வரிசையாக, எதையும் விடாமல். பெட்டியின் இடது ஓரம் நேராக நிற்காது என்ற இடம் வந்ததும் அவள் கையை நீட்டி என்னை நிறுத்தினாள்.

"அதுக்காகவா?"

"பாக்க நல்லா இல்ல."

எழுந்து போய்க் குழாயைத் திறந்தாள். சோப்பை எடுத்து, முழங்கை வரைக்கும் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். திரும்பிப் பார்க்காமலே, "உன்னத் தொட்ட கைய எத்தன தடவ கழுவுனாலும் போகாது போலிருக்கு," என்றாள். பதினொரு வருடத்தில் முதல் தடவையாக 'நீ' என்றாள். எனக்குச் சுருக்கென்றது. துடைக்க என் துண்டை நீட்டினேன். அதை அவள் வாங்கிக்கொள்ளவில்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, அந்தத் தாளை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு படி இறங்கினாள். நானும் செருப்பைப் போட்டுக்கொண்டு கூடவே இந்த ஸ்டேஷன் வரைக்கும் வந்தேன். நான் பிடித்துக் கொடுக்கப்பட்டவன் என்று உங்கள் குறிப்பில் இருக்கிறது. அதைத் திருத்த வேண்டும். நானாகத்தான் வந்தேன். அவள் இருபது அடி முன்னால் நடந்தாள், அவ்வளவுதான்.

தட்டு இறங்கும் என்று தெரிந்தே செய்தீர்களா என்று கேட்டீர்கள். தெரிந்தேதான். முப்பத்தெட்டு நொடி என்பது என்னைத் தவிர வேறு யாருக்கும் தெரியாத கணக்கு. ஒருநாள் யாராவது ஒருவர் கையை உள்ளே விடுவார் என்பதும் தெரியும். அதையும் அந்தச் சிவப்புக் கட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எது அதிகம் கூசியதோ அதை எடுத்துவிட்டேன். ஆனால் கொலைகாரன் என்று எழுதாதீர்கள். நான் எதையும் அழிக்கிறவன் அல்ல.

எழுதி முடித்ததும் ஒரு தடவை அச்செடுத்துப் பார்த்தேன். மன்னிக்க வேண்டும், உங்கள் அனுமதி கேட்கவில்லை. எல்லாம் ஒழுங்காக வந்திருக்கிறது. கடைசித் தாளில்தான் இரண்டே இரண்டு வரி வழிந்து, மீதி முழுதும் வெள்ளையாகக் கிடக்கிறது. அந்தப் பெண் தாளை வாசித்துக்கொண்டே செய்ததைச் சொல்லும் பத்தி கொஞ்சம் நீளம். அதை அழிக்க வேண்டாம், ஐயா. ஒரு மடிப்புக்குள் வைத்துவிட்டால் போதும்.